வளையம் இறங்காத மண்

மண் மாதிரி எடுக்கும் இரும்பு வளையம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் விட்டம், உயரம் அதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதல். உள்ளே 100 கன சென்டிமீட்டர் மண் பிடிக்கும். மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால், காட்டு மண்ணில் நாலைந்து தட்டில் இறங்கிவிடும். நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுமண்ணைக் கொட்டி, அதன்மேல் மரம் வளர்த்த ஒரு மேட்டில் முதன்முதலாக அந்த வளையத்தை வைத்தபோது இருபது தட்டுக்கும் அது அசையவில்லை. இருபத்தோராவது தட்டில் விளிம்பு மடங்கிப்போனது.

பக்கத்தில் வாளியோடு நின்றிருந்த பெரியவர், "அது இறங்காது அம்மா. நான் அழுத்திய மண் அது" என்றார்.

பல ஆண்டுகள் அதே மேட்டில் புல்டோசர் ஓட்டியவர் அவர். மண் கொட்டும் வேலை முடிந்ததும் மரக்கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் பணிக்கு மாறிக்கொண்டார். டம்பர்கள் கொட்டிவிட்டுப் போகும் குவியல்களைத் தள்ளி, நிரவி, மேசைபோல் ஆக்குவது அன்றைக்கு அவருக்கு இடப்பட்டிருந்த வேலை. "ஏழெட்டு முறை மேலேயே போய்வருவேன். கடைசியில் பார்த்தால் ஒரு மேடு பள்ளம் இருக்காது. அப்படி இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள்" என்றார். அந்தச் சமதளத்தின்மேல்தான் பிறகு குழி வெட்டி வாகையும் புங்கமும் சவுக்கும் நட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மரங்கள் எவ்வளவு கார்பனைச் சேமித்திருக்கின்றன என்று அளக்க நான் போயிருந்தேன்.

சுரங்க நிலத்து மரங்களை அளப்பதுதான் சில ஆண்டுகளாக என் வேலை. இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு மரம் எத்தனை கிலோ? கேள்வி நியாயமானது. ஒரு மரத்தை எடுத்து முழுக்கணக்கையும் இங்கேயே போட்டுக் காட்டுகிறேன். எந்த எண்ணைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் எத்தனை அனுமானங்கள் நிற்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், டேப்பைச் சுற்றுகிறோம். சில நாடுகளில் 1.3 மீட்டர். சுற்றளவு 63 சென்டிமீட்டர் என்றால் விட்டம் சுமார் 20. மரத்தின் உயரம் 12 மீட்டர். அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக இருந்தால் அது ஓர் உருளை. மரம் மேலே போகப்போகச் சிறுத்துவிடுவதால் உருளையின் கன அளவில் பாதியை எடுத்துக்கொள்கிறோம். 0.188 கன மீட்டர் வருகிறது. வாகை போன்ற ஒரு மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ என்று கொண்டால், அடிமரம் மட்டும் 113 கிலோ உலர் எடை. கிளைகளுக்கும் இலைகளுக்குமாக அதை 1.4ஆல் பெருக்குகிறோம். வேர்களுக்காக மேலும் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல் சேர்க்கிறோம். மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ. உலர்ந்த மரத்தில் கார்பனின் பங்கு 0.47 என்பது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2006இல் வகுத்த வழிகாட்டு நெறியில் உள்ள பொது மதிப்பு. ஆக, 94 கிலோ கார்பன். அதை 44/12ஆல், அதாவது கார்பன் டை ஆக்சைடின் எடைக்கும் அதிலுள்ள கார்பனின் எடைக்கும் உள்ள விகிதத்தால், பெருக்கினால், அந்த மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு 340 கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிறது.

இந்தக் கணக்கில் நான் கையால் அளந்தவை இரண்டே எண்கள்தான், சுற்றளவும் உயரமும். மற்றவை எல்லாம் வேறு மரங்களை வெட்டி, எடை போட்டு, மற்றவர்கள் கண்டறிந்த பெருக்கிகள். வேருக்கான பெருக்கி பெரும்பாலும் இயற்கைக் காடுகளிலிருந்து வந்தது. வளையமே இறங்காத மண்ணில் வளர்ந்த மரத்துக்கு அதே விகிதத்தில் வேர் இருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியவில்லை. காற்றில் சாய்ந்து விழுந்த மரங்களின் அடியை அந்த மேட்டில் பார்த்திருக்கிறேன். நட்ட குழியின் விளிம்பு வரை போன வேர்கள் அங்கேயே திரும்பி, தொட்டிச் செடியின் வேரைப்போல் வட்டமிட்டிருந்தன. அடியில் ஆணிவேரின் நுனி தட்டையாக மடங்கிக் கிடந்தது.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், கசப்பானதாக இருந்தாலும். ஒரு டன் நல்ல நிலக்கரியை எரித்தால் சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மேலே சொன்ன மரத்தைப்போல் ஏழு மரங்கள் சேர்ந்து, இத்தனை ஆண்டுகளில் எடுத்த அளவு அது. ஒரு ஹெக்டேர் நிலத்தின் அடியில் மூன்று மீட்டர் தடிமனுக்கு நிலக்கரிப் படிவம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 30,000 கன மீட்டர், ஏறக்குறைய 39,000 டன் கரி. அது முழுவதும் எரிந்தால் 90,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அதே ஹெக்டேரில் மிக நன்றாக ஒரு காட்டை வளர்த்து, மரங்களில் மட்டும் 100 டன் கார்பன் சேர்ந்துவிட்டது என்றாலும் அது 367 டன் கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் சமம். இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. தோண்டிய இடத்தில் காடு வளர்த்து, தோண்டியதை ஈடுகட்டிவிட்டோம் என்று யாராவது பேசினால் நான் இந்த எண்களைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அந்தக் கடன் இந்த நிலத்தில் அடையாது.

பிறகு எதற்கு அளக்கிறாய் என்று கேட்டால், என் பதில் மண்ணில் இருக்கிறது. கொட்டிய கழிவுமண் அநேகமாக வெறுமையிலிருந்து தொடங்குகிறது. பூமிக்கடியில் பல மீட்டர் ஆழத்தில் பாறையாகவும் களிமண்ணாகவும் கிடந்ததை உடைத்து மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதில் சருகு விழுந்ததில்லை, புழு நெளிந்ததில்லை. முதிர்ந்த காட்டு மண் வயிறு நிறைந்தது. வருவதும் போவதும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இந்த மண்ணோ பசித்த மண். சரியாக அமைத்துக் கொடுத்தால் பல பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கார்பனை வாங்கிக்கொள்ளும். முதலில் சருகு படுகை உண்டாகிறது. பிறகு வேர்ப்பூஞ்சைகளும் புழுக்களும் அதைக் கீழே இழுத்துச் செல்கின்றன. களிமண் துகள்கள் அதைச் சுற்றிப் பிடித்துச் சிறு கட்டிகளாக்குகின்றன. கட்டிக்குள் அகப்பட்ட கார்பன் எளிதில் மட்கிக் காற்றில் கலந்துவிடாது. மண்ணுக்குள் காற்றும் நீரும் வேரும் போக முடிந்தால்தான் இவை நடக்கும். அதனால்தான் மடங்கிய வளையம் எனக்கு அத்தனை பெரிய செய்தியாகத் தோன்றியது.

இறுகிய மண்ணின் கதை உலகம் முழுவதற்கும் பொதுவானது. அமெரிக்காவில் 1977 ஆகஸ்டில் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கான சட்டம் வந்தது. அதற்கு முன் மலைச்சரிவுகளில் மண்ணை அப்படியே தள்ளிவிட்டுப் போவார்கள். சரிவும் மண்ணரிப்பும் ஆறுகளை நிரப்பின. சட்டம் அதைத் தடுத்தது. ஆனால் நிலம் சரியாமல் இருக்க வேண்டும் என்ற கவலை, எல்லாவற்றையும் அழுத்தி வழவழப்பாக்கு என்ற பழக்கமாகிவிட்டது. அதன்மேல் மண்ணரிப்பைத் தடுக்க அடர்ந்த புல்லை விதைத்தார்கள். அப்பலாச்சிய மலைகளில் பரந்த காடுகள் இருந்த இடங்கள் புல்வெளிகளாயின. நட்ட கன்றுகளின் நீரையும் ஒளியையும் புல் பிடுங்கிக்கொண்டது. புல்லுக்குள் பெருகிய எலிகள் கன்றுகளின் பட்டையைக் கடித்தன. அந்தச் சட்டப்படி மழை மிகுந்த பகுதிகளில் ஐந்து ஆண்டுகள் பசுமை நிலைத்தால் சுரங்கக்காரரின் பொறுப்பு முடிந்துவிடலாம். ஐந்து ஆண்டில் புல் அழகாகப் பசுமையாக இருக்கும். மரத்தின் கணக்கோ அப்போதுதான் முதல் பக்கத்தைத் திறக்கிறது.

2004இல் அங்கே அப்பலாச்சிய வட்டார மறுகாடாக்க முயற்சி என்று ஒன்று தொடங்கியது. அவர்கள் சொன்ன ஐந்து படிகளில் முதல் இரண்டும் மரத்தைப் பற்றியே அல்ல. வேர் வளர ஏற்ற மண்ணை 1.2 மீட்டர் ஆழத்துக்காவது போடு. அதை அழுத்தாமல் தளர்வாக விடு. மூன்றாவது, மரத்தோடு போட்டியிடாத தரைமூடும் செடிகளை விதை. அதன் பிறகுதான் எந்த மரம், எப்படி நடுவது என்ற பேச்சே வருகிறது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியென்றால் என் வண்டி ஒரே ஒரு முறை போயிருந்தால் போதும் என்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, சில இடங்களில் அந்த ஒரு முறையும் வேண்டாம் என்கிறார்கள் என்றேன். "டீசல் மிச்சமாகியிருக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். மண்ணைக் கெடுக்கும் வேலைக்குத்தான் அத்தனை எரிபொருளும் செலவாகியிருக்கிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

முதல் ஆண்டில் எங்கள் மண் மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் 105 டிகிரியில் உலர்த்தி, சலித்து, கார்பன் அளவு பார்த்தோம். முடிவுகள் வியப்பூட்டின. மரங்கள் சுமாராக வளர்ந்திருந்த மேட்டில் மண்ணின் கார்பன் நல்ல காட்டுக்கு ஒப்பாக இருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. நானும் மகிழ்ந்தேன். அறிக்கையின் முதல் வரைவில் "பன்னிரண்டே ஆண்டுகளில் மண் வளம் மீண்டுவிட்டது" என்று எழுதினேன். வரைவு மேலே போனது. மேலே இருந்தவர்களுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது.

சில வாரங்கள் கழித்து, மிச்சமிருந்த மாதிரிகளைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையின் மூலையில் கறுப்புத் துகள்கள் ஒதுங்கியிருப்பதைப் பார்த்தேன். விரலால் தேய்த்தேன். மட்கிய சருகு என்றால் பழுப்பாக இழுக்கும், இழையாகப் பிரியும். இது மணல்போல் நறநறத்தது, விரலில் பளபளப்பாகக் கறுத்தது. நிலக்கரி. படிவத்துக்கு மேலும் கீழும் இருந்த கரித்தூளும் கரி கலந்த களிப்பாறையும் கழிவுமண்ணோடு சேர்ந்து வந்து கொட்டப்பட்டிருக்கின்றன. நான் அளந்த கார்பனில் பெரும்பகுதி என் வாகை மரங்கள் போட்டதே அல்ல. அவை முளைப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகொடிகள் போட்டது.

அது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றிரவே கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உள்ள மண், கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அடர்த்தியில், 4,500 டன். அதில் கரியிலிருந்து வரும் கார்பன் நூற்றுக்கு ஒன்று இருந்தாலே 45 டன். மேலே நாம் கணக்கிட்ட மரத்தில் 94 கிலோ. அப்படியானால் அந்த ஒரு சதவீதக் கரித்தூள், இல்லாத நானூற்றெழுபத்தெட்டு மரங்களை என் அறிக்கையில் நட்டுவிடும். கண்ணுக்கு எட்டாத தூளாக இருந்துகொண்டு.

வழக்கமான சோதனைகள் இந்த இரண்டையும் பிரித்தறியாது என்பதுதான் சிக்கல். மண்ணை உலையில் எரித்து எடைக் குறைவைப் பார்க்கும் முறையில் சருகும் எரியும், கரியும் எரியும். களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறி எடையைக் குறைக்கும். 1934 முதல் உலகம் முழுவதும் பயன்படும் வாக்லி-பிளாக் முறையில், மண்ணின் கார்பனை ஆக்சிஜனேற்றும் டைக்ரோமேட் கரைசல் கரியையும் ஓரளவு தின்றுவிடுகிறது. எந்த அளவு என்பது கரிக்குக் கரி மாறுகிறது. கார்பனின் நிலையான ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகளை, வைத்துப் பிரிக்கலாமா என்றால், அங்கேயும் கதவு பாதிதான் திறக்கிறது. ஏனென்றால் நிலக்கரியும் ஒரு காலத்தில் செடியாக இருந்தது. அதன் கையெழுத்து இன்றைய மரத்தின் கையெழுத்தை மிகவும் ஒத்திருக்கிறது.

உறுதியாகப் பிரிப்பது கதிர்வீசிச் சிதையும் கார்பன்-14 தான். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், அத்தனை காலத்தில் அது பாதியாகிவிடும். ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய எதிலும் அது அளக்கக்கூடிய அளவில் மிஞ்சாது. எனவே நிலக்கரியில் கார்பன்-14 இல்லை. நேற்று விழுந்த வாகை இலையில் இருக்கிறது. மண்ணின் மொத்தக் கார்பனில் கார்பன்-14 எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்த்தால் புதியது எவ்வளவு, பழையது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் இதைத்தான் செய்தார்கள். அங்கே பழுப்பு நிலக்கரி எடுத்த மேடுகளில் பைன், சிவப்பு ஓக் போன்ற மரங்களை நட்டிருந்தார்கள். மண் கறுப்பாக, பார்வைக்கு வளமானதாக இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு, ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய கரி. அதோடு அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருந்தது. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். சுண்ணாம்போ அனல்மின் நிலையச் சாம்பலோ ஆழமாகக் கலந்த பிறகுதான் அங்கே மரம் பிழைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் மேலடுக்கில் மட்டும் புதிய கார்பன் சேர்ந்திருப்பதையும், கீழே போகப்போகப் பழைய கரியே ஆள்வதையும் கார்பன்-14 காட்டிக்கொடுத்தது.

எல்லா மாதிரிக்கும் அந்தச் சோதனை செய்ய யாரிடமும் பணமிருக்காது. எங்களிடமும் இல்லை. நாங்கள் செய்தது எளிய வேலை. ஒரே காலத்தில், ஒரே டம்பர்கள் கொட்டிய அதே மேட்டில், மரமே நடாமல் விட்டுப்போன ஒரு மூலையைத் தேடினோம். பெரியவருக்குத்தான் அது தெரிந்தது. தண்ணீர் வண்டி திரும்புவதற்காக விடப்பட்ட இடத்துக்கு அருகில், வீட்டு முற்றம் அளவில் ஒரு துண்டு. அங்கேயும் வளையத்தை அடித்தோம். அங்கேயும் கார்பன் இருந்தது, மரம் நட்ட பகுதியைவிடக் கொஞ்சம்தான் குறைவாக. அந்தக் கொஞ்சம்தான் என் மரங்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் மண்ணுக்குக் கொடுத்தது. மற்றதெல்லாம் மேட்டோடு பிறந்தது.

வரைவைத் திரும்பப் பெற்றேன். எழுதிக் கொடுத்ததை ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரிய எண் ஒருமுறை மேசைக்குப் போய்விட்டால் அதைச் சின்னதாக்கி எடுத்துவருவது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஒரு கூட்டத்தில் ஒருவர், "கார்பன் கார்பன்தானே, பழையது என்ன, புதியது என்ன?" என்றார். கோபம் வந்தது. ஆனாலும் பொறுமையாகவே சொன்னேன்: பூமிக்குள் இருந்த கரியைத் தூளாக்கி மேலே போட்டால் அது சேமிப்பு ஆகாது. முன்பு ஆழத்தில் பத்திரமாக இருந்தது, இப்போது காற்றுபட்டு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய இடத்துக்கு வந்திருக்கிறது. சில மேடுகளில் தானாகவே தீப்பிடித்து எரிகிறது. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் 1916இல் மூண்ட நிலத்தடி நெருப்பு நூறாண்டு கடந்தும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதை மரத்தின் கணக்கில் வரவு வைக்க எனக்குக் கை வராது.

இந்த வேலையில் இப்படி ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழம் என்று வரையறுத்துவிட்டால், இறுகிய மண்ணில் அந்த ஆழத்துக்குள் அதிக மண் அடங்கும். ஆகவே ஹெக்டேருக்கு இத்தனை டன் கார்பன் என்ற கணக்கில் அழுத்திய மண் தளர்வான மண்ணைவிட உயர்ந்து நிற்கும். வேருக்குக் கேடு செய்த அதே அழுத்தம் தாளில் நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. ஒரே ஆழத்துக்குப் பதிலாக ஒரே எடை மண்ணை ஒப்பிட வேண்டும். அதைப்போலவே கல். பாதி கல்லாக இருக்கும் மண்ணில், சலித்த பொடியின் கார்பன் சதவீதத்தை முழு எடைக்கும் பெருக்கினால் இரட்டிப்பாகிவிடும்.

உயிரோடு இருப்பவற்றை எண்ணுவதும் அப்படித்தான். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. அறிவிப்புப் பலகையில் நிற்பது அந்த எண். நான் டேப்போடு நடந்து எண்ணியது அதைவிட வெகு குறைவு. இறந்த கன்றுக்குப் பதில் நட்டது எது, முதலில் நட்டது எது என்பதற்குப் பதிவேடு கிடையாது. பெரியவரின் நினைவு இருந்தது. "இந்த வரிசை மூன்றாவது முறை வைத்தது", "இது முதல் மழைக்கு வைத்தது" என்று அவர் சொல்லச் சொல்ல, மரங்களின் வயதைத் திருத்திக்கொண்டே போனேன்.

வயது என்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை. ஐம்பது ஆண்டு காத்திருக்க முடியாததால், ஐந்து, பத்து, இருபது, முப்பது வயதுள்ள மேடுகளை வரிசையாக அளந்து, ஒரே நிலத்தின் வளர்ச்சியைப்போல் அவற்றைக் கோட்டில் இணைக்கிறோம். துறையில் எல்லோரும் செய்வது இதுதான். வேறு வழியும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் மண் கொட்டிய விதம் வேறு, வண்டிகளின் எடை வேறு, நட்ட இனங்கள் வேறு. பழைய மேட்டில் கார்பன் அதிகமாக இருந்தால் அது வயதாலா, அல்லது அன்றைக்குச் சின்ன வண்டிகள் மண்ணை அவ்வளவாக அழுத்தாததாலா? எங்கள் முப்பதாண்டு மேட்டில் வளையம் ஆறே தட்டில் இறங்கியது. நான் முதலில் அதை வேர்களின் சாதனை என்று நினைத்தேன். பெரியவர்தான் சொன்னார், அந்த மேட்டில் புல்டோசர் ஏறவே இல்லை, கொட்டியபடியே விட்டுவிட்டார்கள் என்று.

மேல்மண்ணைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தோண்டுவதற்கு முன் மேலே உள்ள மண்ணைத் தனியே எடுத்துக் குவித்து வைக்கிறார்கள், பிறகு பரப்புவதற்காக. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது உள்ளே காற்றின்றி உயிர்கள் மடிகின்றன, விதைகள் செத்துப்போகின்றன, புரட்டி எடுக்கும்போது கார்பனும் இழப்பாகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காடுகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுப்பவர்கள் இயன்றவரை குவித்து வைப்பதில்லை. ஒரு குழியில் வழித்த மேல்மண்ணை, வேலை முடிந்த மற்றொரு குழியில் உடனே கொண்டுபோய்ப் பரப்புகிறார்கள். அந்த மண்ணுக்குள் உறங்கும் விதைகளிலிருந்தே பல செடியினங்கள் திரும்பி வந்துவிடுகின்றன. நடுவதற்கு முன்பே காட்டில் பாதி வந்துசேர்ந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேட்டின் ஒரு பகுதியை ஆழமாகக் கீறி உழ ஒப்புக்கொண்டார்கள். புல்டோசரின் பின்னால் இரும்பு நகத்தைப் பூட்டி, ஒரு மீட்டருக்கு மேல் கீறியபடி போவது. பழைய வண்டிதான்; ஓட்டியவர் புதியவர். பெரியவர் ஓரமாக நின்று, "இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நிலம் பார்க்க அலங்கோலமாகிவிட்டது, கட்டியும் கல்லுமாக. அந்த வரிகளில் புதிதாக வாகைக் கன்றுகளை வைத்தோம்.

போன மழைக்குப் பிறகு மறுபடியும் போனோம். கீறிய வரியில் வளையத்தை வைத்தேன். மூன்றாவது தட்டில் இறங்கியது. பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியலை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். கன்றுகள் இடுப்புயரம்கூட வரவில்லை. கார்பன் கணக்கில் அவற்றுக்கு இன்னும் இடமே இல்லை. டேப் சுற்றுவதற்குரிய பருமன் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

கடைசியாக, மரம் நடாத அந்த மூலைக்குப் போனோம். ஆண்டுதோறும் அங்கேயும் மாதிரி எடுக்கிறோம். அந்த இடம் இல்லாவிட்டால் என் எண்கள் எதற்கும் அடித்தளம் கிடையாது. யாரும் எதையும் நட்டுவிடக் கூடாது என்று நான்கு மூலையிலும் கல் பதித்து வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருக்கிறோம்.

பெரியவர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கல்லிடுக்கில் ஒரு வாகைக் கன்று. காற்றில் வந்து விழுந்த நெற்றிலிருந்து முளைத்திருக்க வேண்டும். இலை மூன்று இணுக்கு விட்டிருந்தது.

"பிடுங்கிவிடட்டுமா அம்மா? இங்கே மரம் இருக்கக் கூடாது என்றீர்களே" என்றார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நடக் கூடாது என்றுதான் சொன்னேன். முளைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் இந்த மண்ணில் என்ன நடந்திருக்கும் என்பதைக் காட்டத்தானே இந்த மூலை இருக்கிறது. நாங்கள் நட்ட மரங்கள் சேர்த்த கார்பனிலிருந்து, தானாக வந்திருக்கக்கூடியதையும் கழித்தால்தான் எங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியும். அந்தக் கன்று வளர வளர என் எண் இன்னும் கொஞ்சம் சிறுக்கும்.

"இருக்கட்டும் ஐயா" என்றேன்.

அவர் அளவுகோலைப் பிடித்தார். நோட்டில், இதுவரை வெறுமையாகவே இருந்த அந்தத் துண்டின் பக்கத்தைத் திறந்து முதல் வரியை எழுதினேன். வாகை, ஒன்று, தானாக முளைத்தது. உயரம் 11 சென்டிமீட்டர்.